ஸ்பிரே ஃபோம்: எந்தக் கூரைக்கு எது? கேள்வி பதில்

கூரைச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஸ்பிரே ஃபோம் (தெளித்ததும் பொங்கி இறுகும் நுரை) அடிக்கலாமா என்று சேலம், ஏற்காடு பக்கமிருந்து பலர் கேட்டிருக்கிறீர்கள். விலையைப் பார்த்து ரகத்தை முடிவு செய்யாதீர்கள். உங்கள் கூரைக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது, எப்படிக் காய்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து: ஓப்பன் செல், க்ளோஸ்டு செல் என்கிறார்களே, என்ன வித்தியாசம் சார்?

இரண்டும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரைதான். ஓப்பன் செல்லில் குமிழ்கள் திறந்திருக்கும்; அமுக்கினால் பன் மாதிரி உள்ளே போகும். கனமீட்டருக்குச் சுமார் 8 கிலோ. க்ளோஸ்டு செல்லில் குமிழ்கள் மூடியிருக்கும். சுமார் 32 கிலோ, கட்டைவிரலுக்கு அசையாது. வெப்பத்தைத் தடுக்கும் ஆர் மதிப்பு, ஓர் அங்குலத்துக்கு முதலாவதில் மூன்றரைக்கு மேல், இரண்டாவதில் 6 முதல் 7. ஓப்பன் செல் நீராவியை உள்ளே விடும். க்ளோஸ்டு செல் 2 அங்குலம் இருந்தால் பெரும்பாலும் விடாது.

ஏற்காட்டிலிருந்து: எங்கள் வீடு தகர ஷீட் கூரை. பனிக்காலத்தில் விடிகாலையில் கூரையிலிருந்து சொட்டுகிறது. ஒழுகலே இல்லை. ஓப்பன் செல் மலிவு என்கிறார்கள் அண்ணா.

வேண்டாங்க. சொட்டுவது உங்கள் வீட்டு ஈரம்தான். அடுப்பு ஆவி, வெந்நீர், ஆட்களின் மூச்சு எல்லாம் மேலே போய், குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிறது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவில் தகரம் சில்லிட்டுவிடும். ஓப்பன் செல் அடித்தால் ஆவி அதைத் தாண்டித் தகரத்தைத் தொடும். ஃபோமுக்குள்ளேயே ஈரம் தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் துரு பிடிக்கும். க்ளோஸ்டு செல்லை 2 அங்குலம், இடைவெளி விடாமல் தகரத்தோடு ஒட்ட அடியுங்கள். அதற்கு மேல் கனம் வேண்டுமானால் ஒரே மூச்சில் அடிக்க விடாதீர்கள். கலவை இறுகும்போது உள்ளே கடுமையாகச் சூடேறும், தீப்பிடித்ததும் உண்டு.

பிப்ரவரி, மார்ச்சில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். துருவைச் சுரண்டி, தகரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் அடித்தால் ஃபோம் பிடிக்காமல் உரிந்து வரும்.

நாகலூரிலிருந்து: ஓட்டு வீட்டுக்கும் அதேதானா?

இல்லை. ஓட்டின் அடியில் நேராக அடிக்கவே கூடாது. ஓடெல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், நாளைக்கு உடைந்த ஓட்டை மாற்ற முடியாது. மழையில் நனைந்த ரீப்பரும் காயாமல் உளுத்துப்போகும். ஓட்டுக்குக் கீழே காற்றோட்டம் விட்டுத் தனியாகச் சீலிங் போடுங்கள்.

சூரமங்கலத்திலிருந்து: காங்கிரீட் மாடி. மே மாதம் இரவு 11 மணிக்கும் மேல்தளம் கொதிக்கிறது. உள்ளே சீலிங்கில் அடிக்கலாமா?

உள்ளே அடித்தாலும் தளம் சூடாகிக்கொண்டேதான் இருக்கும். மேலே அடிப்பதே சரி, ஆனால் க்ளோஸ்டு செல்லிலேயே கனமீட்டருக்கு 45 கிலோ அளவில் வரும் கூரை ரகமாக இருக்கட்டும். துணி காயப்போட, வடகம் போட ஆள் நடக்கும் இடமல்லவா? வெயில் நேராகப் பட்டால் ஃபோம் மஞ்சளித்துப் பொடியும். கோட்டிங்கோ, தளம் போட்டு ஓடோ அவசியம். பணம் இறுக்கமென்றால் முதலில் வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடித்து ஒரு கோடையைப் பாருங்கள்.

அம்மாப்பேட்டையிலிருந்து: தறிப் பட்டறை சத்தத்துக்கு ஓப்பன் செல்?

மேலே எதுவும் போட்டு மூடாத ஃபோம் தீயில் வேகமாக எரியும், அதுவும் பஞ்சுத்தூசி பறக்கும் இடம். அங்கே ராக் உல் (கல்லை உருக்கி இழைத்த, எரியாத பஞ்சு) போதும்.

அழகாபுரத்திலிருந்து: அம்மாவுக்கு ஆஸ்துமா. அப்புறம், சொன்ன ரகத்தைத்தான் அடித்தார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது அண்ணா?

அடிக்கும்போது பறக்கும் ஐசோசயனேட் என்ற கலவை ரசாயனம் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். அன்று வீட்டில் யாரும் இருக்கக் கூடாது, குறைந்தது 24 மணி நேரம் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். அம்மாவை இன்னும் சில நாள் உறவினர் வீட்டில் விடுங்கள். மீன் வாடை நாள்கணக்கில் போகாவிட்டால் கலவை சரியில்லை. ஆளைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

ரகத்தைச் சோதிக்க, இறுகிய ஃபோமில் 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனத்தில் ஒரு துண்டு அறுத்து, செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைத் தராசில் வைத்துப் பாருங்கள். க்ளோஸ்டு செல் 32 கிராமை ஒட்டி நிற்கும், ஓப்பன் செல் 8 கிராம்தான். எடை பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.