கேள்வி–பதில்: கிணற்றுக்குள் பாடியது போல இருக்கிறதே!

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. கண்டென்சர் மைக்கில் பாடினால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்கிறது. மைக்குக்குப் பின்னால் உள்ள சுவரில் ஒரு அங்குல ஃபோம் 12 ஒட்டியும் பயனில்லை. ஏன்?
— வாசகர், திருப்பூர்

ஃபோம் போதாது, ஒட்டிய சுவரும் தவறானது. வீட்டுப் பதிவுக்கு வாங்கும் மைக்குகள் பெரும்பாலும் கார்டியாய்டு வகை. முன்பக்கம் காது கூர்மை, முதுகுப்பக்கம் மந்தம். நீங்கள் மைக்கைப் பார்த்துப் பாடுகிறீர்கள். மைக்கோ உங்களோடு சேர்த்து உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் பார்க்கிறது. அறையைச் சுற்றிவிட்டு அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் குரல் நேரே மைக்கின் முகத்தில் விழும். முதலில் மூட வேண்டியது அதைத்தான்.

தடிமனுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒலியலையின் நீளத்தில் கால் பங்கு தடிமன் இருந்தால் நன்றாக உறிஞ்சும். ஒரு அங்குலத்துக்கு அது ஏறக்குறைய 3,400 ஹெர்ட்ஸ். அதற்கு வெகு கீழே உறிஞ்சுவது குறைந்துகொண்டே போகும். 'ஸ', 'ஷ' ஓசைகளின் பளபளப்பு மட்டும் மங்கி, கிணற்றுச் சத்தம் அப்படியே நிற்பது இதனால்தான்.

செலவில்லாத வழி, வீட்டில் சும்மா கிடக்கும் இலவம்பஞ்சு மெத்தை. தனியாக நிமிர்த்தினால் தொய்ந்து மடியும். மடக்குக் கட்டிலை நிமிர்த்தி அதில் கயிறு போட்டுக் கட்டுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரோடு ஒட்டாமல் நான்கு அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசையாது, அசையும் காற்றைத்தான் பஞ்சு பிடிக்கும். இரு பக்கமும் துணி உலர்த்தும் ஸ்டாண்டில் இரண்டாக மடித்த ரஜாய். தரையில் கனமான ஜமக்காளம்.

காசு செலவழிக்கத் தயார் என்றால் 50 மி.மீ. ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) பலகை, கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியில் கேளுங்கள். இரண்டை அடுக்கி மரச்சட்டத்தில் வைத்து, வாயால் ஊதினால் காற்று புகும் பருத்தித் துணியால் மூடுங்கள். வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். அரிப்பு இரண்டு நாளைக்கு விடாது.

அறையின் நடுவில் நிற்காதீர்கள். பத்தடி இடைவெளியில் 56, 112 ஹெர்ட்ஸ்களில் காற்று அதிரும். நடுமத்தியில் 112 குவியும். ஒரு கட்டையில் (C சுருதி) பாடும் ஆண்குரலின் மந்திர ஸ்தாயி (கீழ்ஸ்தாயி) சதுச்ருதி தைவதம் 110 ஹெர்ட்ஸ். அந்த ஒரு ஸ்வரம் மட்டும் 'பூம்' என்று ஊதினால் குரலைக் குறை சொல்லாதீர்கள், இரண்டடி நகர்ந்து பாருங்கள்.

நின்ற இடத்தில் ஒருமுறை கைதட்டுங்கள். 'டிர்ர்' என்று வால் நீண்டால் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. ஒன்றை மூடினால் போதும்.

எல்லாவற்றையும்விட மலிவான மருந்து தூரம். இரண்டடியிலிருந்து ஓரடிக்கு வந்தால் நேர்க்குரல் 6 டெசிபல் ஏறும், எதிரொலி இருந்த அளவிலேயே இருக்கும். மைக்கின் ஒலியளவை ஏற்றி இறக்கும் கெயினை 6 குறைத்தால் எதிரொலியும் 6 இறங்கிவிடும். ஒரு சாண் தூரம் பெரும்பாலான குரலுக்குப் பொருந்தும். 'ப' போன்ற எழுத்துகளில் வாயிலிருந்து வரும் காற்றைத் தடுக்கும் வலையான பாப் ஃபில்டர் மைக்குக்கு நான்கு விரல் முன்னால். ஒரு சாணையும் தாண்டி நெருங்கினால் கீழ்ஸ்தாயி வீங்கும், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஓசையை வெட்டிவிடுங்கள்.

முட்டை அட்டை ஒட்டினால் எதிரொலி போகுமா?
— வாசகி, காரைக்குடி

போகாது. மெல்லிய காகிதக்கூழ், மேல் ஓசைகளைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். தீப்பற்றினால் நொடியில் எரியும். வேண்டாம்.

எதிரொலியோடு பதிவான பாட்டை மென்பொருளில் சரிசெய்யலாமா?
— வாசகர், மதுரை

ஓரளவு. எதிரொலியைக் குறைக்கும் டிரிவெர்ப் பிளக்-இன்னை (மென்பொருளோடு சேர்க்கும் துணைக்கருவி), உரத்த இடங்களை அமுக்கும் கம்ப்ரஸருக்கு முன்னால் போடுங்கள். கம்ப்ரஸர் அவற்றை 6 டெசிபல் அமுக்கி, பிறகு மொத்தத்தையும் 6 ஏற்றினால், வரிகளுக்கு இடையே கிடக்கும் எதிரொலியும் 6 ஏறும். அதனால்தான் ஹெட்ஃபோனில் சுத்தமாகத் தெரிந்த பதிவு மிக்ஸிங்கில் அம்பலமாகிறது. பாட்டு நிற்கும் இடங்களில் ஒலியை அடைக்கும் கேட் போடுவதிலும் பெரிய பயனில்லை. பாடும்போதே கூட ஒட்டிவரும் எதிரொலியை அது தொடாது. டிரிவெர்ப்பை அதிகம் திருகினால் சொல்லின் கடைசி மெய்யெழுத்து கரையும், 'கண்' என்பது 'க' என்று நிற்கும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் மறுபடி பாடிவிடுவதே வேகம்.