பழைய மச்சு வீட்டில் காரை பெயர்ந்து விழுகிறது, சிமெண்ட் பூசலாமா?

பாட்டையா காலத்து வீட்டில் மச்சின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து விழுகிறது, முழுவதையும் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசச் சொல்கிறார் கொத்தனார், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் வீட்டில் அதைச் செய்துவிட்டு, ஒரே வேலைக்கு இரண்டு தடவை செலவழித்தோம்.

எங்கள் வீடு, தாழையூத்தில் சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கிய 1949-க்கும் முந்தையது. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் ஓரங்குலத் தடிமனுள்ள சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடித்து இறுக்கிய கூரை. மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். மரம் வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் அசையும். சுண்ணாம்பு அதற்கு இடம் கொடுக்கும், உள்ளே போன ஈரத்தையும் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் இரண்டுக்கும் மசியாது.

பட்டாசலில், அதாவது கூடத்தில், காரை விழுந்த இடத்தில் நாங்கள் சிமெண்ட் பூசியபோது மழமழவென்று அழகாகத்தான் இருந்தது. அப்புறம் 2023 டிசம்பர் மழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அதே மழை. அது ஓய்ந்து சில வாரம் கழித்து ஒரு ராத்திரி அந்தப் பூச்சு ஒரே பாளமாக விழுந்தது. அம்மாவின் கட்டில் நேர் கீழேதான் கிடக்கும். அன்றைக்கு அம்மா அக்கா வீட்டில் இருந்தாள். பாளத்தைத் திருப்பிப் பார்த்தேன். முதுகு முழுக்கச் செங்கல் பொடி சிவப்பாக ஒட்டியிருந்தது, விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. வெளியேற வழியில்லாத ஈரம் கல்லையே பொடியாக்கியிருக்கிறது.

அடுத்து வந்த வயதான கொத்தனார் அண்ணாச்சி கேட்ட முதல் சாமான் ஏணி. "மேல ஒழுக்க அடைக்காம கீழ பூசுதது வீண் வேல தம்பி" என்றபடி தட்டட்டிக்கு, அதாவது மொட்டை மாடிக்கு, ஏறினார். கைப்பிடிச் சுவர் ஓரம் வெடிப்பில் ஓர் அரசங்கன்று, முழ உயரம். அதை வேரோடு எடுத்து, வெடிப்பையும் தட்டோடுகளின் இடுக்கையும் சுண்ணாம்புக் கலவையால் அடைத்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகுதான் கீழே இறங்கினார்.

கீழே முழுவதையும் கொத்தவில்லை. சுத்தியலின் மரப்பிடியால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல காரை கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், கல்லை விட்ட காரை பானையைத் தட்டியது போலப் பொள்ளென்று கேட்கும். பொள்ளிய இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டு, அதை மட்டும் எடுத்தார். எங்கள் பட்டாசலில் கால்வாசிகூட இல்லை. மீதிக் காரை இன்றைக்கும் அசையாமல் இருக்கிறது.

கலவைக்கு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்தார். கல்லின் இடுக்குகளைச் சுரண்டி, நன்றாக நனைத்து, அரை அங்குலத்துக்கும் குறைவாக முதல் பூச்சு. பெருவிரலால் அழுத்தினால் பதியாத அளவுக்கு இறுகிய பிறகு அடுத்தது, இன்னும் மெலிதாக. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்லத்தான் கல்லாகும். அதனால் ஒரு வாரமாவது தண்ணீர் தெளித்து ஈரம் காக்க வேண்டும். மேலே வெள்ளையடித்தால் போதும், பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்து மூடிவிடாதீர்கள்.

நீங்களே செய்வதானால் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஏறாதீர்கள். அண்ணாந்து பூசும்போது சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. சுவருக்குள் போகும் கட்டை முனைகளில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினாலோ, கட்டை தொய்ந்திருந்தாலோ பூச்சைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். உடனே முட்டுக் கொடுத்துவிட்டு, பழைய கட்டடம் தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துவிடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். அதற்குப் பின்னால் கட்டை உளுத்துப்போவது உங்கள் கண்ணுக்கே தெரியாது.

மரம் நன்றாக இருந்தால் தை, மாசியில் வேலையைத் தொடங்குங்கள். மழை விட்டிருக்கும், சித்திரை வெயில் வந்து பூச்சை அவசரமாகக் காயவைத்து வெடிக்கச் செய்வதற்குள் முடித்துவிடலாம்.