வெள்ளிக்காசு கறுக்கவில்லை என்றால் காளானைச் சமைக்கலாமா?

சமைக்காதீர்கள். கொதிக்கும்போது போட்ட வெள்ளிக்காசு கறுக்கவில்லை என்பதால் அந்தக் காளான், கறையான் புற்றில் முளைக்கும் உண்ணத்தக்க புற்றுக்காளான் ஆகிவிடாது. வெள்ளியைக் கறுக்க வைப்பவை கந்தகச் சேர்மங்கள். ஈரலைக் கெடுக்கும் அமாடாக்சின் நஞ்சு வெள்ளியை ஒன்றும் செய்யாது, வேகவைத்தாலும் அழியாது. ஆடு தின்றது, புழு அரித்தது, அதனால் நஞ்சில்லை என்பதும் இதே கதைதான்.

காசு கறுக்காவிட்டால் சமைக்கலாம் என்று பாட்டி சொன்னது பொய்யா என்று கேட்டிருந்தீர்கள். பாதிதான் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பறித்துப் பழகியவர்கள் எந்தப் புற்று, எந்த மழைக்குப் பிறகு, அடி எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் கை வைப்பார்கள். காசு பிறகு ஒட்டிக்கொண்ட சடங்கு.

இதைச் செய்து பாருங்கள்:

1. ஒடிக்காமல் சுற்றிலும் மண்ணைத் தோண்டுங்கள். புற்றுக்காளானின் அடி வேர்போல நீண்டு கறையான் கூடு வரை இறங்கும். குமிழாக உருண்டு முடிந்தாலோ, உறை சுற்றியிருந்தாலோ அப்படியே விட்டுவிடுங்கள்.

2. குடையை வெட்டி, மடிப்புப் பக்கம் கீழே இருக்க வெள்ளைத்தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி ஓரிரவு வையுங்கள். இளஞ்சிவப்புத் தூள் விழ வேண்டும். பச்சையோ வெள்ளையோ என்றால் குப்பைக்கு.

இரண்டிலும் தேறினாலும் சமைக்க அனுமதி கிடைத்ததாக ஆகாது. இளஞ்சிவப்புத் தூள் உதிர்க்கும் நச்சுக்காளான்களும் உண்டு. அதே இடத்தில் ஆண்டுதோறும் பறிப்பவரிடம் வேரோடு காட்டுங்கள்.

யாராவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அமாடாக்சினின் பாதிப்பு 6 மணி நேரத்துக்குப் பிறகுதான் பெரும்பாலும் வெளிப்படும், நடுவில் சரியானதுபோலவும் தோன்றும். மீதிக் காளானோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.