கறுப்பு வெள்ளை பிரிண்டில் பட்டை விழுவது ஏன்? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை இங்க்ஜெட் பிரிண்ட் பற்றியே இருந்தன. அதனால் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

மூடுபனி சூழ்ந்த ஏரிப் படம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக்கி ஏ3 அளவில் பிரிண்ட் போட்டேன். திரையில் வானம் வழவழவென்று இருக்கிறது, தாளில் மட்டும் படிப்படியாகப் பட்டை தெரிகிறது. பிரிண்டர் கெட்டுவிட்டதா?

பிரிண்டரைச் சந்தேகப்படும் முன் அந்தப் பட்டைகள் எப்படி ஓடுகின்றன என்று கூர்ந்து பாருங்கள். மேகத்தின் வளைவையோ மூடுபனியின் ஓரத்தையோ ஒட்டி வளைந்து போனால் கோளாறு பெரும்பாலும் ஃபைலில் இருக்கிறது. படத்தோடு சம்பந்தமே இல்லாமல், தாளின் குறுக்கே சம இடைவெளியில் நேர்கோடாகப் போனால் அது இயந்திரத்தின் வேலை. சந்தேகம் தீரவில்லையா? படத்தை 90 டிகிரி திருப்பி அதே தாளில் இன்னொரு பிரிண்ட் போடுங்கள். படத்தோடு சேர்ந்து பட்டையும் திரும்பினால் ஃபைல். படம் திரும்பியும் பட்டை அதே திசையில் நின்றால் பிரிண்டர்.

இயந்திரம்தான் என்றால் வழி சுலபம். நாஸில் செக் (மைத்துளைகள் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது), தேவைப்பட்டால் கிளீனிங், ஹெட் (மை தெளிக்கும் பாகம்) அலைன்மென்ட், பேப்பர் ஃபீட் சரிசெய்தல், பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரில் 'ஹை ஸ்பீட்' டிக்கை எடுத்துவிடுவது. அதை எடுத்தால் ஹெட் ஒரு திசையில் போகும்போது மட்டுமே மை தெளிக்கும். நேரம் கூடும், கோடு குறையும்.

ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு ஃபைல் மேல்தான் சந்தேகம். ஜேபெக் என்பது 8 பிட், அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரை மொத்தமே 256 படிகள். மூடுபனி வானம் அதில் ஒரு சின்னத் துண்டைத்தான் எடுத்துக்கொள்ளும். 190 முதல் 215 வரை என்று வைத்துக்கொண்டால் 26 படிகள். தாளில் அந்த வானம் 20 சென்டிமீட்டர் உயரம் என்றால் ஒவ்வொரு படியும் முக்கால் சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரே சாம்பலாக நிற்கும். அதோடு நிற்காமல் வானத்துக்கு 'உயிர்' கொடுக்க கர்வை (வெளிச்சம், இருட்டு அளவை மாற்றும் வளைகோடு) இழுத்திருப்பீர்கள். இழுத்தால் புதுப் படிகள் முளைப்பதில்லை, இருக்கிற 26 படிகள்தான் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளிப் போகின்றன. ஹிஸ்டோகிராம் (எந்தச் சாம்பல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம்) சீப்புப் பல் மாதிரி இடைவெளி விட்டுத் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. திரை இதை ஓரளவு மறைத்துவிடும். பிரிண்டர் டிரைவர் அந்த எண்களை மை அளவாக மாற்றும்போது சில படிகள் ஒட்டிக்கொள்ளும், சில விலகும். அந்த விலகிய இடம்தான் உங்களுக்குப் பட்டையாகத் தெரிகிறது.

ரா ஃபைல் (கேமரா பதிவு செய்த மூலத் தரவு) இருந்தால் அங்கிருந்தே திரும்ப ஆரம்பியுங்கள். 12 பிட் ராவில் 4,096 படிகள், 14 பிட்டில் 16,384. எல்லாத் திருத்தமும் 16 பிட்டிலேயே நடக்கட்டும். ஜேபெக் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றாலும் 16 பிட்டுக்கு மாற்றிவிட்டு வேலை செய்வது நல்லது. தொலைந்த படிகள் திரும்ப வராது, ஆனால் இனிமேல் செய்கிற திருத்தங்களில் புதிதாக எதுவும் தொலையாது. இன்னொன்று, கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது வானத்தை இருட்டாக்க நீல ஸ்லைடரைக் கடைசிவரை இழுக்காதீர்கள். ஜேபெக் பொதுவாக நிற விவரத்தை ஒளி விவரத்தைவிடக் கரடுமுரடாகத்தான் சேமிக்கிறது, அந்த ஸ்லைடரை இழுக்க இழுக்க வானம் திட்டுத் திட்டாக உடையும்.

இதெல்லாம் செய்தும் லேசாகப் பட்டை மிச்சம் இருந்தால், வானத்துக்கு மட்டும் 1 அல்லது 2 சதவீத நாய்ஸ் (சின்னப் புள்ளிச் சிதறல்) சேருங்கள், நிறமில்லாத நாய்ஸ். படிகளின் ஓரம் சிதறி, கண்ணுக்கு ஒரே சரிவாகத் தெரியும். பழைய ஃபிலிம் பிரிண்டில் வானம் அவ்வளவு மிருதுவாக இருந்ததற்கு கிரெய்னும் (ஃபிலிமின் மணித்துகள்) ஒரு காரணம், அதனால் இதை ஏமாற்று வேலை என்று நினைத்துத் தயங்க வேண்டாம். ஆனால் சேர்ப்பதைக் கடைசியில், பிரிண்ட் அளவுக்கு மாற்றிய பிறகு சேருங்கள்.

என்னிடம் இருப்பது நான்கு மை பிரிண்டர். கறுப்பு மையை மட்டும் வைத்து அடித்தால் முகத்தின் வெளிச்சமான பகுதியில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. நான்கு மையும் சேர்த்து அடித்தால் மிருதுவாக வருகிறது, ஆனால் பச்சை அடிக்கிறது. எதை வைத்துக்கொள்வது?

இரண்டும் அந்த இயந்திரத்தின் இயல்பு. கறுப்பு மையால் சாம்பல் போட முடியாது. கறுப்புப் புள்ளிகளை நெருக்கியோ தள்ளியோ வைத்து சாம்பல் என்று நம் கண்ணை நம்ப வைக்கத்தான் முடியும். கன்னத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் புள்ளிகள் வெகு தள்ளித் தள்ளி விழுவதால் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது. இதற்காகத்தான் சாம்பல் மைகள் வந்தன. எப்சன் 2005இல் கொண்டுவந்த கே3 மைகளில் கறுப்பு, வெளிர் கறுப்பு, மிக வெளிர் கறுப்பு என்று மூன்று அடர்த்திகள். கேனானின் உயர்நிலை மாடல்களிலும் சாம்பல் மைகள் உண்டு. வெளிச்சமான இடத்தை வெளிர் மை நெருக்கமாக நிரப்பிவிடுகிறது, புள்ளி கண்ணில் படுவதில்லை.

உங்கள் பிரிண்டரில் என்ன செய்யலாம் என்றால், கையில் வைத்துப் பார்க்கும் சின்னப் பிரிண்டுக்கு நான்கு மையும், சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் பெரிய பிரிண்டுக்கு மேட் (பளபளப்பில்லாத) தாளில் உயர்ந்த தரத்தில் கறுப்பு மட்டும். இது என் விருப்பம். மேட் தாளில் அந்தப் புள்ளிகள் ஒரு கரித்தன்மை கொடுக்கும், சில முகங்களுக்கு அது நன்றாகவே பொருந்தும். ஒன்று கவனியுங்கள், சில மாடல்களில் கறுப்பு மை எழுத்துக்கான பிக்மென்ட் (நிறத்துகள்) மை, பளபளப்புத் தாளைத் தேர்ந்தெடுத்தால் டிரைவர் அதைத் தொடவே தொடாது, மற்ற மூன்றையும் கலந்துதான் கறுப்பை உண்டாக்கும். பச்சை அங்கிருந்தும் வரலாம்.

மேட் தாளில், படத்தில் இருப்பவர் போட்டிருக்கும் கறுப்பு கோட் உடையின் மடிப்பெல்லாம் ஒரே கறுப்பாக மூடிக்கொள்கிறது. திரையில் எல்லா மடிப்பும் தெரிகிறதே?

திரை தானே ஒளி விடுகிறது, தாள் விழுந்த ஒளியைத் திருப்புகிறது. அதிலும் மேட் தாளின் அதிகபட்சக் கறுப்பு அடர்த்தி சுமார் 1.6, 1.7தான், நல்ல பளபளப்புத் தாளில் 2.2ஐத் தாண்டும். இது லாகரிதக் கணக்கு. மேட் கறுப்பு தன்மேல் விழும் ஒளியில் 2 சதவீதமும் அதற்குச் சற்று மேலும் திருப்பி அனுப்புகிறது, பளபளப்புத் தாள் சுமார் 0.6 சதவீதம். அடித்தளக் கறுப்பே வெளுப்பாக இருப்பதால் கோட்டின் மடிப்புகளுக்கு நிற்க இடமில்லை.

முதலில் டிரைவரில் சரியான தாள் வகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா, மேட் தாளுக்கு மேட் பிளாக் மைதான் போகிறதா என்று பாருங்கள். தவறான தாள் வகை போட்டால் தாள் தாங்குவதைவிட அதிக மை விழுந்து, பரவி, இருட்டு அடைத்துக்கொள்ளும். அப்புறம் 0 (முழுக் கறுப்பு) முதல் 60 வரை நான்கு நான்காகக் கூட்டி 16 சாம்பல் கட்டங்கள் வரைந்து, அதே தாளில் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, படத்தை எங்கே மாட்டப் போகிறீர்களோ அந்த வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கட்டம் முதன்முதலில் பக்கத்துக் கட்டத்திலிருந்து பிரிந்து தெரிகிறது? 16 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கோட்டின் மடிப்புகள் 16க்கு மேலே நிற்கும்படி கர்வின் அடிப்பகுதியை மட்டும் மெல்ல உயர்த்துங்கள், ஆழ்ந்த ஓரங்கள் 0விலேயே இருக்கட்டும். முழுப் படத்தையும் வெளுக்கவைத்தால் முகம் செத்துவிடும்.

திரையின் வெளிச்சத்தையும் குறையுங்கள். சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா போதும்.

நடுச் சாம்பலில் பச்சை, இருட்டில் கருஞ்சிவப்பு என்று ஒரே படத்தில் இரண்டு சாயல். ப்ரொஃபைல் (தாளுக்கும் மைக்கும் ஏற்ப நிறத்தைத் திருத்தும் கோப்பு) போட்டுத்தான் அடிக்கிறேன்.

மென்பொருளும் டிரைவரும் இரண்டு பேரும் நிறத்தைத் திருத்துகிறார்களா என்று பாருங்கள், யாராவது ஒருவர்தான் செய்ய வேண்டும். அது சரியாக இருந்தும் சாயல் வந்தால், உங்கள் பிரிண்டரின் கறுப்பு வெள்ளைத் தனி முறைக்கு மாறுங்கள். அதில் சாம்பல் மைகள்தான் வேலையின் பெரும்பகுதியைச் செய்யும், நிற மை சாயலைச் சரிக்கட்ட மட்டும் கொஞ்சம் சேரும்.

ஆர்.ஐ.பி. (டிரைவருக்குப் பதிலாகப் படத்தை மைப்புள்ளிகளாக மாற்றும்) மென்பொருள் வாங்கினால் டோன் மாற்றம் இன்னும் மிருதுவாகுமா?

சாம்பல் மைகள் உள்ள பிரிண்டர் இருந்து, அளந்து பார்க்கும் பொறுமையும் இருந்தால், ஆகும். ராய் ஹாரிங்டனின் குவாட்டோன் ஆர்.ஐ.பி. முக்கியமாக எப்சன் பிரிண்டர்களுக்கானது. எந்த மை எந்தச் சாம்பலில் தொடங்க வேண்டும், எங்கே அடுத்த மைக்குக் கைமாற வேண்டும் என்பதை அதில் நீங்களே வகுக்கலாம். அந்தக் கைமாறும் இடங்கள்தான் ஆபத்தானவை. கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரு நீளமான சரிவு அடித்துப் பாருங்கள், எங்கேயாவது திடீரென்று மணல்போலச் சொரசொரப்பாகவோ ஒரு சின்னத் தாவலாகவோ தெரிந்தால் அங்கே ஒரு மை நுழைகிறது என்று பொருள். 21 கட்டப் பட்டையை அடித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அளந்து, அளவுகள் சீராக ஏறும்படி லீனியரைஸ் செய்தால் அந்தத் தாவல் அடங்கும். ஜான் கோனின் பீசோகிராஃபி ஒரு படி மேலே போய் நிற மைகளையே எடுத்துவிட்டு எல்லாச் சேனலிலும் வெவ்வேறு அடர்த்திச் சாம்பலை நிரப்புகிறது. அதற்கென்று ஒரு பிரிண்டரையே ஒதுக்க வேண்டியிருக்கும்.

அளக்கும் கருவி இல்லாமல் மென்பொருளை மட்டும் வாங்குவதாக இருந்தால் பணத்தை நல்ல தாளில் போடுங்கள் என்பேன்.

எத்தனை பி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) அனுப்புவது?

எப்சனுக்கு 360, கேனானுக்கு 300. ஏறக்குறைய அந்த அளவில் இருந்தால் போதும். வானம், தோல் மாதிரி மிருதுவான பரப்புகளில் இதைக் கூட்டுவதால் பட்டை குறையாது.