வீடு திருத்த மானியம்: வேலையை யார் மேற்பார்வை செய்வது?

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்து மூதூரில் கூரை திருத்த மானியம் கிடைத்திருக்கிறது, வேலையை யார் கண்காணிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வழமையாகப் பிரதேச செயலகம்தான். தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் வந்து பார்த்த பிறகுதான் அடுத்த தவணை விடுவார்கள். இந்திய அரசின் உதவியில் நடந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் 2012இல் தொடங்கிய கட்டத்திலும் திருத்தத்துக்கான 250,000 ரூபா இப்படித் தவணையாகவே பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது.

காசு வந்த கையோடு முழுவதையும் மேசனிடம் கொடுத்துவிடாதீர்கள். ஓடு ஏற்றும் முன்பே உத்தியோகத்தரைக் கூப்பிட்டு வளை, சலாகை என்று ஓட்டைத் தாங்கும் மரங்கள் எல்லாம் காட்டுங்கள். ஓடு போட்டுவிட்டால் உக்கின மரம் யார் கண்ணிலும் படாது. ஏழை வீட்டுக்கு இது போதும் என்று மட்டமான மரம் போடுவது எனக்குப் பொறுக்காது.

அப்புறம், வேலைக்கான செலவு மதிப்பீட்டின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும்.