நீங்கள் நீக்கிய சொற்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தரவு அறிவியல் பிரிவில் வேலை செய்கிறேன். கபிலர் பெயரில் உள்ள பாடல்கள் எல்லாம் ஒருவரே இயற்றியவையா என்பதைச் சொற்களை எண்ணிக் கண்டுபிடிக்க முடியுமா என்று ஆறு மாதமாக முயன்று வருகிறேன். முதலில் திருக்குறளை வைத்து என் நிரலைச் சோதித்தேன். மொத்தம் 9310 சொற்கள் என்று துல்லியமாக விடை வந்தது. ஆங்கில ஆய்வுகளில் செய்வதைப் போலவே உம், ஏ, ஓ, மன், மற்று முதலிய பொருளற்ற சொற்களை நீக்கிவிட்டுத்தான் அடுத்த கணக்குகளைப் போட்டேன். இந்த வேலைக்கு எந்த நிரல்மொழி ஏற்றது, இலக்கணத்தை முழுதாகக் கற்றுத்தான் ஆகவேண்டுமா, இப்படி எண்ணுவது ரசனையைக் கொன்றுவிடும் என்று என் நண்பர் சொல்வது சரியா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. 1330ஐ 7ஆல் பெருக்கிப் பாருங்கள், 9310 வரும். உங்கள் கணினி எண்ணியது சொற்களை அல்ல, சீர்களை. முதலடிக்கு நான்கு, இரண்டாம் அடிக்கு மூன்று என்று குறளை மனப்பாடம் செய்யும் பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்த கணக்குக்கு ஆறு மாதமும் ஒரு கணினியும் செலவாகியிருக்கின்றன. விடை அவ்வளவு துல்லியமாக வந்தபோதே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

ஊழ் அதிகாரத்தின் கடைசிக் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஊழிற் பெருவலி யாவுள மற்றொன்று / சூழினுந் தான்முந் துறும்.’ யாப்புக்காக ‘முந்துறும்’ என்ற சொல் இரண்டாக உடைந்து இரு சீர்களில் கிடக்கிறது. இதை வகையுளி என்பார்கள். உங்கள் பட்டியலில் ‘துறும்’ என்று ஒரு சொல் இடம்பிடித்திருக்கும், ‘தான்முந்’ என்று இன்னொன்று. நீங்கள் நீக்கச் சொன்ன ‘மற்று’ இதே குறளில் ‘மற்றொன்று’ என்பதற்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. ‘சூழினும்’ என்பதன் உம்மை ‘சூழினுந்’ என்று வேடம் மாறி நிற்கிறது. நீக்கியதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பவற்றில் பெரும்பகுதியை உங்கள் நிரல் நீக்கவே இல்லை. நல்லவேளை என்றுதான் சொல்வேன்.

நிரல்மொழி எது என்று என்னிடம் கேட்பது காசிமேட்டில் நின்றுகொண்டு நகைக்கடைக்கு வழி கேட்பது போன்றது; விட்டுவிடுங்கள். ரசனை பற்றி உங்கள் நண்பர் கவலைப்படுவதை அவரிடமே விட்டுவிடுங்கள், எண்ணியதால் செத்த கவிதையை நான் பார்த்ததில்லை. ‘பொருளற்ற சொற்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விடமுடியவில்லை.

என் தந்தை மண்ணடியில் ஒரு சந்துக்குள் இருந்த அச்சுக்கூடத்தில் கம்பாசிட்டராக, அதாவது ஈய எழுத்துகளைக் கோப்பவராக இருந்தார். பள்ளி விட்டதும் நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். எழுத்துகள் கிடக்கும் கேஸ் என்ற மரப்பெட்டியில் எல்லா அறைகளும் ஒரே அளவில் இருக்காது. அடிக்கடி எடுக்கும் எழுத்துக்குப் பெரிய அறை, அதுவும் கைக்கு எட்டும் இடத்தில். எப்போதாவது எடுப்பதற்கு மூலையில் சின்ன அறை. ஒரு மொழியில் எந்த எழுத்து எவ்வளவு புழங்குகிறது என்பதன் மரத்தாலான அட்டவணை அது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். கையெழுத்துப் பிரதியின் முதல் பக்கத்தைப் புரட்டியதுமே அப்பா, “இந்த ஆளுக்கு ‘ம்’ பத்தாதுடா” என்பார். அவரும் இவரும், அன்றும் இன்றும், பாடியும் ஆடியும் என்று உம்மை அடுக்கி எழுதுகிறவர் என்று பொருள். பாதிப் புத்தகத்தில் ‘ம்’ அறை காலியாகும். அதுவரை கோத்ததை அச்சிட்டு, எழுத்துகளைப் பிரித்து மறுபடி அறையில் போட்டால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும். ஆசிரியர் பெயர் இல்லாமல் வரும் துண்டறிக்கையைக்கூட யார் எழுதியது என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார். தலைப்பையோ கருத்தையோ வைத்து அல்ல, ‘தான்’, ‘ஏ’, ‘ஓ’ விழுகிற விதத்தை வைத்து.

நீங்கள் நகல் எடுக்க நினைக்கும் ஆங்கில ஆய்வுகளும் இதைத்தானே சொல்கின்றன? அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்துப் புனைபெயரில் வெளிவந்த கட்டுரைகளில் 12 கட்டுரைகளை எழுதியது ஹாமில்டனா மேடிசனா என்ற வழக்கை 1964இல் மாஸ்டெல்லரும் வாலஸும் எண்ணிக்கையால் மேடிசன் பக்கம் தீர்த்தார்கள். அவர்கள் கவனித்தவை ‘மேல்’ என்று பொருள்படும் ஒரு துக்கடாச் சொல்லைப் போன்றவை. ஹாமில்டன் அதை வாரி இறைத்தார், மேடிசன் அரிதாகவே தொட்டார். சொற்களை இயந்திரத்தில் எண்ணும் துறைக்கே முன்னோடி என்று போற்றப்படும் ரொபெர்ட்டோ பூசா என்ற இத்தாலியப் பாதிரியார் தொடங்கியதும் ஆங்கிலத்தில் அல்ல, லத்தீனில். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் எழுத்தில் ‘இருப்பு’ என்ற கருத்தைத் தேடப் போனவர், அது ‘இன்’ என்ற முன்னிடைச்சொல்லில் ஒளிந்திருப்பதைக் கண்டு, அச்சொல்லும் அதனோடு சேர்ந்தவையும் வரும் வாக்கியங்களைக் கையாலேயே 10,000 அட்டைகளில் எழுதினார். 1949இல் அவர் ஐபிஎம் நிறுவனத்தின் கதவைத் தட்டியது அதற்குப் பிறகுதான். அந்த வேலை அச்சில் 56 தொகுதிகளாக வந்தது. உங்கள் நிரல் முதலில் தூக்கி எறிந்திருக்கக்கூடிய சொல்லிலிருந்து பிறந்தவை அவை.

லத்தீனின் அந்த ‘இன்’ தனித்து நிற்கும். நம்முடைய ‘இல்’ பெயரோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டும்போது பெயரின் முகத்தையும் மாற்றிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் அன்போடு என் சிறுகதைகளை எண்ணிக் காட்டினார். ‘ராயபுரம்’ மொத்தமே நான்கு இடத்தில்தான் வருகிறது என்றார். பிறந்ததிலிருந்து ராயபுரத்தில் இருப்பவனிடம்! ராயபுரத்தில், ராயபுரத்துக்கு, ராயபுரத்துப் பையன் எல்லாம் அந்த இயந்திரத்துக்கு வேறு வேறு ஊர்கள்.

இலக்கணம் முழுதும் வேண்டாம். தொல்காப்பியத்தில் இடைச்சொற்களைப் பற்றிய இடையியலை மட்டும் படியுங்கள். நீங்கள் பொருளற்றது என்று ஒதுக்கியவற்றுக்கு அங்கே ஓர் இயலே இருக்கிறது. ‘மன்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்று மூன்று பொருள்கள் சொல்லி, அதை அடுத்துத் ‘தில்’, ‘கொன்’, ‘உம்’ என்று ஒவ்வொன்றாக நிறுத்தி விசாரிக்கிறார் தொல்காப்பியர். அசைநிலை, அதாவது தனிப்பொருள் இல்லாமல் வருபவை என்று சிலவற்றை அவரும் ஒதுக்குகிறார்தான், ஆனால் வாசித்துப் பார்த்துவிட்டு ஒதுக்குகிறார். ஆங்கிலத்துக்காக யாரோ போட்ட பட்டியலைத் தமிழ்ப்படுத்திக்கொண்டு ஒதுக்கவில்லை.

சொல்லைப் பிரிக்கும் வேலையையும் நீங்கள் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. 1950களில் மர்ரே எஸ். ராஜம், அறிஞர்களை அமர்த்திச் சந்தி பிரித்த பழந்தமிழ்ப் பதிப்புகளை மலிவு விலையில் கொண்டுவந்தார். லிங்கிச் செட்டித் தெருவில் அப்போது இருந்த மறைமலை அடிகள் நூலகத்திலிருந்து சங்கப் பாட்டு உரைகளை எடுத்துவந்து, பிரித்ததையும் பிரிக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் படித்திருக்கிறேன். ஒவ்வொரு பிரிப்பும் ஒரு தீர்ப்பு. ‘வேங்கை’ என்பது மரமா, புலியா, வேகின்ற கையா என்று இடம் பார்த்துத்தான் சொல்லமுடியும்; நன்னூலார் இதற்குப் பொதுமொழி என்று பெயரே வைத்திருக்கிறார். அந்தத் தீர்ப்பை நீங்கள் கணினிக்குக் கற்றுக்கொடுக்கலாம், ஆனால் முதலில் அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கபிலரைக் கேட்டீர்கள், மறந்தேபோனேன். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்களை அவர் அடுக்குகிறார். பெயர்ச்சொற்களை மட்டும் எண்ணினால், அதை எழுதியவர் பாரியை இழந்து புறநானூற்றில் கலங்கும் கபிலர் இல்லை, ஒரு பூக்கடைக்காரர் என்றுதான் உங்கள் கணினி சொல்லும். இன்னா நாற்பதோ வெண்பா; ஆசிரியப்பாவோடு அதை நேராக ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது ஆளை அல்ல, யாப்பை. ஆகவே ஐங்குறுநூற்றின் குறிஞ்சி நூறையும் குறுந்தொகையில் கபிலர் பெயரில் உள்ளவற்றையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் அகம், இரண்டும் ஆசிரியப்பா, இரண்டும் சிறிய பாட்டுகள். அவற்றில் ‘மன்’, ‘கொல்’, ‘ஏ’ எங்கெங்கே விழுகின்றன என்று பாருங்கள்.

முடிவுகளை இப்போது அனுப்ப வேண்டாம். நீங்கள் நீக்கிய சொற்களின் பட்டியலை மட்டும் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரமுடிந்தால் இன்னும் நல்லது. தண்டையார்பேட்டையிலிருந்து நடந்தே வந்துவிடலாம். அட்டை கழன்ற மர்ரே பதிப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது, இரவல் தரமாட்டேன், இங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்.