கோடும் கேள்வியும்: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் ஆப்பில் வாடிக்கையாளர் பெயர் நீளமாக இருந்தால் 10 எழுத்தோடு வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைக்கிறோம். ஆங்கிலப் பெயர்கள் சரியாக வருகின்றன. தமிழ்ப் பெயர்களில் கடைசி எழுத்தின் புள்ளியோ கொம்போ காணாமல் போகிறது. ஃபான்டில் கோளாறா?
– திருநெல்வேலி வாசகர்

ஃபான்ட் மேல் பழி போடாதீர்கள். கோளாறு எண்ணுகிற முறையில். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து. கணினிக்காக எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். நீளம் எண்ணும் பைத்தானின் ‘லென்’, ஜாவாவின் ‘லெங்த்’ இரண்டுமே 5 என்றுதான் சொல்லும். யு.டி.எஃப்-8 என்ற முறையில் சேமித்தால் குறியீட்டுக்கு 3 பைட் வீதம் 15 பைட். நான்காவது குறியீட்டோடு வெட்டினால் ‘தமிழ’ என்று நிற்கும். உங்கள் திரையில் நடப்பது அதுதான்.

திரையில் அழகாகத் தெரிவதற்காக மட்டும் வெட்டுகிறீர்கள் என்றால் கோடில் கை வைக்கவே வேண்டாம். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ்ஸில் ‘டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ’ போதும், பிரவுசர் எழுத்தை உடைக்காமல் பார்த்துக்கொள்ளும். கோடிலேயே வெட்டியாக வேண்டுமானால், ஜாவாஸ்கிரிப்டில் எழுத்தை உடைக்காமல் பிரித்துத் தரும் ‘இன்ட்ல்.செக்மென்டர்’ இருக்கிறது. பைத்தானில் ‘ரீஜெக்ஸ்’ என்ற தனிப் பேக்கேஜை நிறுவிக்கொள்ள வேண்டும். கூடவே வருகிற ‘ஆர்.ஈ’ இதற்கு உதவாது. ஸ்விஃப்ட் மொழியில் ‘தமிழ்’ என்பதை எண்ணினால் இயல்பாகவே 3 வரும். ஆனால் இவற்றிலும் ‘க்ஷ’ இரண்டாகத்தான் எண்ணப்படும். ‘லக்ஷ்மி’யை ‘லக்’ என்று வெட்டிவிட வாய்ப்பு உண்டு, சோதித்துப் பாருங்கள்.

டேட்டாபேஸையும் பார்த்துவிடுங்கள். ஆரக்கிள் டேட்டாபேஸில் பெயருக்கான இடத்தை ‘வார்சார்2(30)’ என்று மட்டும் எழுதினால், யாரும் அமைப்பை மாற்றியிருக்காவிட்டால் அது 30 பைட். ‘தமிழ்’ என்ற சொல்லை இரண்டு முறை எழுதினால் இடம் தீர்ந்துவிடும். ‘30 சார்’ (பைட் அல்ல, 30 குறியீடு) என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் அடுத்து இதில்தான் மாட்டுவீர்கள்: தேடல். ‘கோ’வை ஒற்றை ஓகாரக் குறியாலும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாலும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது, டேட்டாபேஸில் ‘கோமதி’ கிடைக்க மாட்டார். பெயரைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் இப்படிப்பட்ட இரு வடிவங்களை ஒன்றாக்கும் என்.எஃப்.சி முறையில் சீராக்கினால் இது தீரும். ‘கௌரி’ அதற்கும் அடங்காது. பலர் எகரக் கொம்பு போட்டு, பக்கத்தில் ‘ள’ என்ற எழுத்தையே தட்டி ‘கெளரி’ என்று எழுதுகிறார்கள். யூனிகோடுக்கு அது வேறு சொல். தேடும்போது இரண்டு வடிவத்தையும் பார்க்கும்படி நீங்கள்தான் எழுத வேண்டும்.

பேமென்ட் சேவையின் ரகசியக் கீயைத் தவறுதலாக கிட்டில் புஷ் செய்துவிட்டேன். உடனே அந்த வரியை அழித்து மறுபடி புஷ் செய்தேன். போதும்தானே?
– சென்னை வாசகி

போதாது. கிட் என்பது கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கும் கருவி. பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பதிவில், கீ அப்படியே இருக்கும், யாரும் எடுத்துப் பார்க்கலாம். முதல் வேலை, அந்தக் கீயையே ரத்து செய்து புதியது வாங்குவது. பொது ரெப்போ (யாரும் பார்க்கக்கூடிய கோட் களஞ்சியம்) என்றால் இப்படிச் சிக்கும் கீகளைத் தேடிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் உண்டு, நிமிடங்களில் எடுத்துவிடும். ரத்து செய்த கையோடு, இடைப்பட்ட நேரத்தில் அந்தக் கீயால் ஏதாவது பரிவர்த்தனை நடந்ததா என்று சேவையின் லாகை (நடவடிக்கைப் பதிவை) பாருங்கள்.

வரலாற்றை ‘கிட் ஃபில்டர்-ரெப்போ’ என்ற கருவியால் சுத்தம் செய்வது அதற்குப் பிறகுதான். செய்தால் டீமில் எல்லோரும் புதிதாக குளோன் (முழு நகல்) எடுக்க வேண்டும். யாராவது பழைய குளோனிலிருந்து புஷ் செய்தால் அழித்ததெல்லாம் திரும்பி வந்துவிடும். கீகளை இனி தனி என்விரான்மென்ட் கோப்பில் வைத்து, அதை, கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் ‘கிட்-இக்னோர்’ பட்டியலில் சேருங்கள். கிட் ஏற்கெனவே கண்காணிக்கும் கோப்பை அந்தப் பட்டியல் கட்டுப்படுத்தாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதலில் ‘கிட் ஆர்.எம்’ கட்டளையை ‘கேஷ்டு’ விருப்பத்தோடு கொடுத்து விலக்க வேண்டும்.

டீம் லீடிடம் உடனே சொல்லிவிடுங்கள். இதைப் படிக்கிற லீடுகளுக்கும் ஒரு வார்த்தை: சொல்ல வந்தவரை குரூப் சாட்டில் வைத்துத் திட்டினால், அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள், கீ மாதக்கணக்கில் வெளியே கிடக்கும்.

பில்லிங் சாஃப்ட்வேரில் மொத்தத் தொகை சில சமயம் ஒரு பைசா இடிக்கிறது. எங்கே தேடுவது?
– கோவை வாசகர்

இரண்டு இடங்களில். முதலில், பணத்தை ஃப்ளோட்டில் (தசம எண்ணைத் தோராயமாகச் சேமிக்கும் வகை) வைத்திருக்கிறீர்களா? 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் 0.30000000000000004 என்று சொல்லும். இரும எண்முறையில் பத்தில் ஒரு பங்கு முடிவில்லாமல் நீளும் பின்னம், அதை எங்கோ வெட்டித்தான் சேமிக்க முடியும். பைசாவாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள், அல்லது டெசிமல் வகையைப் பயன்படுத்துங்கள். பைத்தானில் டெசிமலுக்குள் எண்ணை மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும். வெறும் 0.1 என்று கொடுத்தால் பிழையோடுதான் உள்ளே போகும்.

அடுத்தது, எங்கே ரவுண்ட் செய்கிறீர்கள் என்பது. ரூ.10.25 விலையில் மூன்று பொருள், 18% ஜி.எஸ்.டி. ஒவ்வொன்றுக்கும் வரி 1.845, அதை 1.85 ஆக்கினால் மூன்றுக்கும் 5.55. மொத்தம் 30.75க்கு ஒரே தடவை கணக்கிட்டால் 5.535, அதாவது 5.54. எது வேண்டும் என்பதை உங்கள் கணக்காளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அந்த விதி கோடில் ஒரே ஃபங்க்‌ஷனில் இருக்கட்டும். திரைக்கு ஒன்று, பிரிண்டுக்கு ஒன்று, ரிப்போர்ட்டுக்கு ஒன்று என்று ஆளாளுக்கு ரவுண்ட் செய்தால் ஒரு பைசா இடித்துக்கொண்டேதான் இருக்கும்.

ஆன்லைனிலும் ஆபீஸ் சாட்டிலும் சந்தேகம் கேட்டால் யாரும் கண்டுகொள்வதில்லை. புதியவர்கள் என்றால் இளக்காரமா?
– மதுரை வாசகி

சில இடங்களில் அந்த இளக்காரம் இருக்கிறது, அது தவறுதான். ஆனால் ‘ஹாய்’ என்று மட்டும் போட்டுக் காத்திருந்தாலோ, ‘கோட் ஓடவில்லை’ என்று மொபைலில் எடுத்த போட்டோவை அனுப்பினாலோ, உதவ நினைப்பவராலும் ஒன்றும் செய்ய முடியாது. என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, மூன்றையும் ஒரே செய்தியில் எழுதுங்கள். பிழைச் செய்தியை முழுதாக, எழுத்தாகவே ஒட்டுங்கள். பைத்தானில் முக்கியமான விஷயம் பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கும், ‘ட்ரேஸ்பேக்’ என்ற முதல் வரியை மட்டும் ஒட்டுவதில் பயனில்லை. மொழியின் வெர்ஷன் எண்ணையும் சேருங்கள். கோடை, அதே பிழை வரும்படி இருபது வரிக்குள் சுருக்கப் பாருங்கள். சுருக்கும்போதே பாதி சந்தேகங்கள் தீர்ந்துவிடும். அனுப்பும் முன் பாஸ்வேர்டு, வாடிக்கையாளர் போன் நம்பர் எதுவும் உள்ளே இல்லையே என்று பாருங்கள். விடை கிடைத்ததும், எது சரிசெய்தது என்று அதே இடத்தில் எழுதுங்கள். அடுத்து அதே பிழையில் மாட்டுகிறவர் தேடி வருவது அங்கேதான்.

வெள்ளிக்கிழமை மாலை டெப்ளாய் செய்யலாமா, அதாவது புதிய வெர்ஷனைப் பயன்பாட்டுக்கு விடலாமா?
– ஓசூர் வாசகர்

பழைய வெர்ஷனுக்குப் பத்து நிமிடத்தில் திரும்ப முடியும், அதைச் செய்யத் தெரிந்தவர் இரவு போன் எடுப்பார் என்றால் தாராளமாகச் செய்யலாம். டேட்டாபேஸ் அட்டவணையில் ஒரு காலத்தை (column, நெடுவரிசை) அழிக்கும் மாற்றம் என்றால் எந்தக் கிழமையானாலும் ஒரே தடவையில் செய்யாதீர்கள். முதல் ரிலீஸில் கோட் அந்தக் காலத்தைத் தொடாதபடி மாற்றுங்கள், காலம் இருக்கட்டும். சில நாள் சிக்கலில்லாமல் ஓடிய பிறகு அடுத்த ரிலீஸில் அழியுங்கள். சேர்த்தே செய்துவிட்டால், கோடைப் பின்னுக்கு இழுத்தாலும் அது தேடும் காலம் டேட்டாபேஸில் இருக்காது.